முள் குத்தினால் அலட்சியம் வேண்டாம்

பசியாவரம் போன்ற பழவேற்காடு ஏரிக் கிராமங்களில் இறால், நண்டு பிடிப்போருக்குக் கையில் முள் குத்துவது சகஜம். உவர்நீரில் வாழும் சில விப்ரியோ கிருமிகள் அக்காயத்தின் வழியே உடலில் புகுந்தால், சிலருக்கு ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாகலாம்.

இதற்கு டாக்டர்கள் கொடுக்கும் மருந்துகளுள் செபலோஸ்போரின் வகை முக்கியமானது. 1945-ல் இத்தாலியின் சார்டினியா தீவில், சாக்கடை கலக்கும் கடல்நீரில் புரோட்சு என்பவர் ஒரு பூஞ்சாணத்தைக் கண்டார். அதிலிருந்து பிறந்ததே இம்மருந்து. பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டவிடாமல் இது தடுக்கிறது. சுவர் தளர்ந்த கிருமி வெடித்துச் சாகிறது.

மீனவ நண்பர்கள் காயத்தை உடனே நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவவும். வீக்கம், கொப்புளம், காய்ச்சல் கண்டால் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லவும். சர்க்கரை, ஈரல் நோய் உள்ளவர்கள் சிறிதும் தாமதிக்கக் கூடாது. கடையில் தாமாக மாத்திரை வாங்குவதும், பாதியில் நிறுத்துவதும் கிருமிக்கே பலம்.