தொழிற்சாலையில் பிறக்கும் வீடு: வரவும் செலவும்

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த பழமொழி. இவ்விரண்டிலும் கையிருப்புக் கரைந்து கடன் வந்து சேரும் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீடு, கடைக்கால் போட்டுச் சுவர் இடுப்பளவு எழும்பிய நிலையிலேயே இரண்டு மழைக்காலங்களைக் கண்டுவிட்டது. அவள் தந்தையார் ஒரு பக்கம் வாடகையும் மறுபக்கம் வட்டியும் கட்டி வருகிறார். "வீட்டை ஆயத்தமாக வாங்க முடியாதா?" என்று அவள் ஒருநாள் கேட்டாள். அக்கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

முடியும். அப்படிப்பட்ட வீட்டை மாடுலர் வீடு என்கிறார்கள். தரை, சுவர், கூரை எல்லாம் சேர்ந்த அறை அறையான பெட்டிகளைத் தொழிற்சாலையிலேயே செய்து, மின்கம்பி, குழாய், கதவு, சன்னல் ஆகியவற்றையும் அங்கேயே பொருத்திவிடுகிறார்கள். அதே வேளையில் மனையில் கடைக்கால் போடப்படுகிறது. பின்பு லாரியில் வரும் பெட்டிகளைக் கிரேனால் தூக்கி வைத்து இணைக்கிறார்கள். இரண்டு வேலைகள் ஒரே காலத்தில் நடப்பதே இம்முறையின் இரகசியம்.

இது நேற்று முளைத்த எண்ணமன்று. இரண்டாம் உலகப் போரில் வீடிழந்தவர்களுக்காக இங்கிலாந்து அரசு 1945 முதல் 1949 வரை ஏறத்தாழ 1,56,000 தற்காலிக வீடுகளை அமைத்தது. அவற்றுள் ஒரு வகை, விமானத் தொழிற்சாலைகளில் அலுமினியத்தால் செய்யப்பட்டு, நான்கு பகுதிகளாக லாரியில் வந்து சேர்ந்தது. சில ஆண்டுகளுக்கென்றே அமைத்த அவ்வீடுகள் பலவற்றில் மக்கள் பல பத்தாண்டுகள் வாழ்ந்தனர்.

நம் நாட்டில் 2021 சனவரி 1 அன்று ஆறு நகரங்களில் புதுமுறை வீட்டுத் திட்டங்களுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ராஞ்சியில் 1,008 வீடுகளுக்கு இந்த அறைப்பெட்டி முறை தேர்ந்தெடுக்கப்பட்டது. சென்னைப் பெரும்பாக்கத்தில் முன்னரே வார்த்த கான்கிரீட் பாகங்களைப் பொருத்தி எழுப்பிய 1,152 வீடுகள் 2022 மே மாதத்தில் திறக்கப்பட்டன.

இனி வரவைப் பார்ப்போம். மழை வந்தாலும் தொழிற்சாலை வேலை நிற்பதில்லை. சிமெண்டும் மணலும் மனையில் வீணாவது குறைகிறது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதால் அளவு பிசகுவதில்லை. எல்லாவற்றிலும் பெரிய இலாபம் காலமே. "வாயால் சொல்லாதீர்கள், கணக்குப் போட்டுக் காட்டுங்கள்" என்றார் எங்கள் கணித ஆசிரியையான சகோதரி. போட்டுப் பார்த்தோம். ஒருவர் 20 இலட்சம் ரூபாய் கடனை 9 சதவிகித வட்டிக்கு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். கடன் தவணை தவணையாக வருவதால் வேலை நடக்கும் காலத்தில் சராசரியாகப் பாதித் தொகைக்கு வட்டி எனக் கொண்டால், மாதம் 7,500 ரூபாய். வீட்டு வாடகை 10,000. ஆக, ஒரு மாதத் தாமதத்தின் விலை 17,500. ஆறு மாதம் முன்னதாகக் குடிபுகுந்தால் 1,05,000 ரூபாய் மிச்சம்!

ஆனால் செலவுப் பக்கமும் சிறியதன்று. விற்பவர் சொல்லும் விலை பெரும்பாலும் பெட்டிக்கு மட்டுமே. மனை, கடைக்கால், கழிவுநீர்த் தொட்டி, லாரிச் சத்தம், கிரேன் வாடகை யாவும் தனி. தொழிற்சாலை தொலைவில் இருந்தால் வண்டிச் செலவு ஏறும். கட்டடம் எழும்ப எழும்பக் கடன் தருவது வங்கிகளின் வழக்கம். வேறிடத்தில் உருவாகும் வீட்டுக்கு அவ்வழக்கம் எளிதில் பொருந்தாது. தொழிற்சாலைக்கோ முன்பணம் தர வேண்டும். மெல்லிய தகட்டுச் சுவரானால் நம் சித்திரை வெயிலில் வீடு அடுப்பாகும். இணைப்புகளை ஒழுங்காக அடைக்காவிட்டால் மழைநீர் ஒழுகும். பின்னால் ஒரு சுவரை இடிக்கவோ மாடி எழுப்பவோ நினைத்தால் அதுவும் எளிதன்று.

ஒன்றை மறக்கலாகாது. தொழிற்சாலையில் செய்தால் விலை தானாகக் குறைந்துவிடாது. கனடா நாட்டு மாண்ட்ரியல் நகரில் 1967-ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காக, மோஷே சாஃப்டி என்னும் கட்டடக் கலைஞர் 354 கான்கிரீட் பெட்டிகளை அடுக்கி 158 வீடுகளை அமைத்தார். முதலில் இதைவிட மிகப் பெரிதாகத் திட்டமிட்டிருந்தனர். அது சுருங்கவே, தொழிற்சாலை அமைத்த செலவெல்லாம் அந்தச் சில வீடுகளின் தலையில் விழுந்து, விலை ஏறிவிட்டது. ஒரே மாதிரிப் பல வீடுகள் செய்தால்தான் மலிவு. தனி ஒருவருக்குக் கிடைக்கும் உறுதியான பயன் நேரமே.

ஆகவே வாங்க நினைப்பவர்கள் முன்கூட்டியே கேட்க வேண்டியவை நான்கு: விலையில் எவையெவை அடங்கும்? வங்கி கடன் தருமா? இணைப்புகளுக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம்? லாரியும் கிரேனும் நம் தெருவுக்குள் வருமா?

கடைசிக் கேள்வியிலேயே எங்கள் தோழி சிரித்துவிட்டாள். அவள் தெருவில் தண்ணீர் லாரியே திரும்ப முடியாதாம்! ஆனாலும் எங்கள் கணக்கு வீண்போகவில்லை. தாமதத்தின் விலையை அவள் தந்தையாரிடம் காட்டியபோது, முதலில் ஓர் அறையையும் சமையலறையையும் முடித்துக் குடிபோய்விடலாம், மற்றவை மெல்ல நடக்கட்டும் என்று முடிவு செய்தாராம். வீடு தொழிற்சாலையில் பிறந்தாலும் கொத்தனார் கையில் பிறந்தாலும், கணக்குப் பார்த்துக் கால் வைப்போருக்கே அது நிழல் தரும். இதனை மாணவியராகிய நாம் இப்போதே கற்றுக்கொள்வோமாக!