மண்ணுக்குள் மறைந்த கால்கள்

பேராக் மாநிலத்தின் தென்கோடியில், பெர்ணம் ஆற்றங்கரையில் அமைந்துள்ள ஊர் ஹுத்தான் மெலிந்தாங். கடலோரச் சமவெளியான இவ்வட்டாரத்தில் ஈரம் மிகுந்த மென்களிமண்ணே பெரிதும் காணப்படுகிறது. இத்தகைய மண்ணில் கனமான கட்டடம் எழுப்பினால் என்ன நேரும்? அருகிலுள்ள தெலுக் இந்தான் நகரின் சாய்ந்த கோபுரமே இதற்குச் சான்று. 1885-ஆம் ஆண்டு கட்டப்பட்ட அக்கோபுரம், அடிமண்ணின் மென்மையாலும் உள்ளிருந்த நீர்த்தொட்டியின் பாரத்தாலும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

இன்று இத்தகைய நிலத்தில் பெரிய கட்டடம் கட்டுவோர், ‘பைலிங்’ எனப்படும் ஆழ்தூண் அடித்தளத்தை அமைக்கின்றனர். மண்ணுக்குள் ஆழமாக இறக்கப்படும் கான்கிரீட் அல்லது எஃகுத் தூண்கள், கட்டடத்தின் பாரத்தைக் கீழேயுள்ள உறுதியான அடுக்கிற்குக் கொண்டு செல்கின்றன.

கட்டடத்தின் பாரம் கீழ்நோக்கி அழுத்துகிறது. நிலநடுக்கமோ பக்கவாட்டில் உலுக்குகிறது. அப்போது, நீரில் ஊறிய தளர்ந்த மணல் குழம்புபோல் இளகி வலிமையை இழக்கக்கூடும்.

2001 ஜனவரி 26-ஆம் நாள் இந்தியாவின் குஜராத் மாநிலத்தைக் கடும் நிலநடுக்கம் தாக்கியது. அங்குள்ள காண்ட்லா துறைமுகத்தில் 22 மீட்டர் உயரக் கட்டடம் ஒன்று 32 ஆழ்தூண்களின்மீது நின்றது. 18 மீட்டர் நீளமுள்ள அத்தூண்கள், மேலிருந்த களிமண்ணைக் கடந்து மணலிலேயே முடிந்திருந்தன. மணல் இளகியதும் கட்டடம் சாய்ந்தது. தூண்கள் இருந்தால் மட்டும் போதாது. அவை எங்கே ஊன்றி நிற்கின்றன என்பதே முக்கியம்.

ஆகவே, பொறியாளர்கள் முதலில் நிலத்தைத் துளையிட்டு மண்ணின் அடுக்குகளை ஆராய்கின்றனர். இளகக்கூடிய அடுக்கைத் தாண்டும்வரை தூண்களை இறக்குகின்றனர். தூணின் தலைப்பகுதியும், மென்மண்ணும் வன்மண்ணும் சந்திக்கும் இடமும் அதிகமாக வளையும் என்பதால், அங்கு இரும்புக் கம்பி வளையங்களை நெருக்கமாக வைக்கின்றனர். தூண்களின் தலைகளை உத்திரங்களால் பிணைத்து, அவை ஒன்றாக அசையும்படி செய்கின்றனர்.

மலேசியாவுக்கு இது தேவையா? 2004 டிசம்பர் 26-ஆம் நாள் சுமத்ரா நிலநடுக்கத்தின் அதிர்வு தீபகற்ப மலேசியாவிலும் உணரப்பட்டது. மென்களிமண் தொலைவிலிருந்து வரும் அதிர்வையும் பெருக்கிக் காட்டும். 1985-இல் மெக்சிகோ நகரம் பேரழிவைச் சந்தித்தபோது, நிலநடுக்க மையம் 300 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. அந்நகரின் பெரும்பகுதி பழைய ஏரிக் களிமண்ணின்மீது அமைந்திருந்ததே சேதம் பெருகக் காரணமாகும். மலேசியாவும் 2017-இல் நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டட வடிவமைப்புக்கான தேசிய நெறிமுறைகளை வெளியிட்டது.

கட்டடத்தின் அழகு நம் கண்ணுக்குத் தெரிகிறது. அதில் வாழ்வோரின் உயிரைக் காப்பதோ, கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் நிற்கும் தூண்களே.