வார்டுக்குப் போகும் முன்

ஸ்டெத்தஸ்கோப்பை வார்டுக்குப் போகும் அன்று காலையில்கூட வாங்கிவிடலாம். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி அப்படியல்ல. முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. அதன்பின் ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் எதிர்ப்பாற்றல் வந்திருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டிலேயே வார்டு போஸ்டிங் தொடங்கிவிடுகிறது. ஆகவே உடற்கூறியல் படிக்கும் முதலாண்டிலேயே இதை ஆரம்பித்துவிடுவதுதான் சரி.

தடுப்பூசி போட்டிருந்தாலும், பயன்படுத்திய ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடக் கூடாது. கையில் குத்திவிட்டால் அந்த இடத்தைப் பிதுக்காமல், வாயில் வைக்காமல் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு உடனே பணியில் இருக்கும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் முடிந்தவரை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பலன் இல்லை. திட்டு விழுமே என்று மறைக்கும் மாணவர் இழப்பது இந்த நேரத்தைத்தான்.

அடுத்தது, கேஸ் எடுப்பது, அதாவது நோயாளியிடம் நோய் விவரம் கேட்டு எழுதுவது. இதற்குப் புத்தகத்தைவிடப் பேச்சுதான் முக்கியம். அரசு மருத்துவமனையில் ஒரே நோயாளியிடம் காலையிலிருந்து நான்கைந்து மாணவர்கள் வந்து கேட்டிருப்பார்கள். அவர் களைத்துப் போயிருப்பார். பெயரைச் சொல்லி, மாணவர் என்று சொல்லி, “பேசலாமாம்மா?” என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். அவர் வேண்டாம் என்றால் நகர்ந்துவிடுங்கள். மறுக்க அவருக்கு உரிமை உண்டு. “நெஞ்சு கரிக்குது, மூணு நாளா” என்று சொன்னால் அவர் சொன்னபடியே குறித்துக்கொள்ளுங்கள். நோயின் பெயரை அப்போதே எழுதிவிட்டால், அடுத்து கேட்கும் கேள்விகளெல்லாம் அந்தப் பெயரை நோக்கியே ஓடும். வேலை என்ன, வீட்டில் யார் இருக்கிறார்கள், இதுவரை என்னென்ன மாத்திரை சாப்பிட்டார், நாட்டு மருந்து உண்டா என்பதையும் கேட்க வேண்டும்.

நோயாளியைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் கைகளில் கிருமிநாசினியை 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும். ஸ்டெத்தையும் ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும். நோயாளியின் வலப்பக்கம் நின்று, திரையை இழுத்துவிட்டு, தேவையான அளவுக்கு மட்டும் துணியை விலக்கச் சொல்லுங்கள். பெண் நோயாளியை ஆண் மாணவர் பரிசோதிக்கும்போது செவிலியரோ மாணவியோ உடனிருக்க வேண்டும்.

கேஸ் ஷீட்டைச் செல்போனில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கத்துக்கு முதல் நாளே இடம் கொடுக்காதீர்கள். பாக்கெட்டில் அடங்கும் ஒரு சிறு நோட்டு போதும். அதில் நோயாளியின் பெயர் இல்லாமல் வயது, தொல்லை, கண்டறிந்தவை மட்டும் எழுதி, அன்றிரவே அந்த நோயைப் படித்துவிடுங்கள். கேட்க விட்டுப்போன கேள்விகள் அப்போதுதான் தெரியவரும்.