ஆபரேஷன் செய்த டாக்டரையே பலி கொண்ட நோய்!

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்குள்ள பார்ன்ஸ் ஆஸ்பத்திரியில் 1933-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 5-ந் தேதி ஒரு ஆபரேஷன் நடந்தது.

நோயாளியும் ஒரு டாக்டர்தான். பெயர் ஜேம்ஸ் கில்மோர். வயது 48. பிட்ஸ்பர்க் நகரைச் சேர்ந்தவர். அவருடைய இடது நுரையீரலில் புற்றுநோய் வந்திருந்தது.

அந்தக் காலத்தில் இந்த நோய் வந்தவர்கள் பிழைப்பது அரிது. இது கில்மோருக்கும் தெரியும். ஆபரேஷனுக்கு முன் அவர் ஊருக்குப் போனார். இரண்டு காரியங்களைச் செய்தார். சொத்தைப் பல்லை அடைத்துக் கொண்டார். கல்லறைக்கு இடமும் வாங்கினார்!

பிழைத்தால் பல் வேண்டும். இறந்தால் இடம் வேண்டும்!

ஆபரேஷன் செய்தவர் எவர்ட்ஸ் கிரகாம். பெயர் பெற்ற சர்ஜன். நோய் பிடித்த பகுதியை மட்டும் வெட்டி எடுக்க நினைத்தார். மார்பைத் திறந்து பார்த்தபோது, அது போதாது என்று தெரிந்தது. இடது நுரையீரல் முழுவதையும் ஒரே தடவையில் எடுத்து விட்டார்.

கில்மோர் பிழைத்தார்! மறுபடியும் டாக்டர் தொழில் பார்த்தார். ஒரே நுரையீரலுடன் சுமார் 30 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். 1963-ம் ஆண்டில்தான் இறந்தார்.

ஆபரேஷன் செய்த கிரகாம் என்ன ஆனார்?

சிகரெட் பழக்கம்

கிரகாமுக்குச் சிகரெட் பழக்கம் உண்டு. சிகரெட்டால் புற்றுநோய் வரும் என்பதை அவர் முதலில் நம்பவில்லை.

எர்னஸ்ட் வைண்டர் என்ற மருத்துவ மாணவர் அவரிடம் வந்தார். "நோயாளிகளை விசாரித்துப் பார்க்கலாம்" என்றார். கிரகாம் சம்மதித்தார். இருவரும் சேர்ந்து 684 நோயாளிகளைப் பற்றிய விவரங்களைத் திரட்டினார்கள். 1950-ம் ஆண்டு முடிவு வெளிவந்தது. நுரையீரல் புற்றுநோய் வந்த ஆண்களில் மிகப் பெரும்பாலோர் நெடுங்காலம் சிகரெட் பிடித்தவர்கள்!

கிரகாம் சிகரெட்டை விட்டார். ஆனால் காலம் கடந்து விட்டது. ஆபரேஷன் செய்ய முடியாத அளவுக்கு அவருடைய நுரையீரலிலும் புற்றுநோய் முற்றிவிட்டது. 1957-ம் ஆண்டு அவர் காலமானார். அவர் காப்பாற்றிய கில்மோர், அப்போதும் உயிரோடு இருந்தார்!

அதே 1950-ம் ஆண்டில் இங்கிலாந்திலும் இதே முடிவு வெளிவந்தது. ஆராய்ந்தவர்கள் ரிச்சர்டு டால், பிராட்போர்டு ஹில் என்ற இருவர். டாலும் சிகரெட் பிடித்தவர்தான். ஆராய்ச்சி நடக்கும்போதே விட்டு விட்டார். அப்போது அவருக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. அவர் 92 வயது வரை வாழ்ந்தார்.

நோய் வருவது எப்படி?

நம் நுரையீரலுக்குள் கோடிக்கணக்கான சிறு காற்றுப் பைகள் இருக்கின்றன. காற்று போகும் குழாய்களின் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழைகள் உண்டு. தூசியையும் அழுக்கையும் வெளியே தள்ளுவது அவற்றின் வேலை. துடைப்பம் மாதிரி!

புகை அந்தத் துடைப்பத்தைக் கெடுத்து விடுகிறது. புகையிலுள்ள நஞ்சு உள்ளேயே தங்குகிறது. சிகரெட் புகையில் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்கள் மட்டும் சுமார் 70 இருக்கின்றன. அவை நம் உடம்பின் நுண்ணிய அணுக்களைத் திரும்பத் திரும்பக் கெடுக்கின்றன. கெட்டுப்போன அணு ஒன்று கட்டுக்கு அடங்காமல் பெருகுகிறது. அதுதான் புற்று.

இது ஒரு நாளில் நடப்பது அல்ல. 20, 30 ஆண்டுகள் கூட ஆகலாம். அதனால்தான் இளைஞர்களுக்குப் பயம் தெரிவதில்லை!

"நான் பீடிதான் பிடிக்கிறேன். அது இலையில் சுற்றியதுதானே?" என்று சிலர் கேட்பார்கள். பீடியும் ஆபத்துதான். அது அடிக்கடி அணையும். அணையாமல் இருக்க இழுத்து இழுத்துக் குடிப்பார்கள். புகை இன்னும் ஆழமாக உள்ளே போகும். பில்டர் சிகரெட்டும் காப்பாற்றாது.

புகைக்காதவர்களுக்கும் வரும்

பீடி, சிகரெட்டைத் தொடாதவர்களுக்கும் இந்த நோய் வருவது உண்டு. கணவன் விடும் புகையை மனைவியும் குழந்தைகளும் சுவாசிக்கிறார்கள். அதுவும் நஞ்சுதான். ஜன்னல் இல்லாத சமையல் அறையில் விறகு அடுப்புப் புகை, நகரங்களின் கெட்ட காற்று, கல்நார்த் தூசி ஆகியவையும் காரணம் ஆகலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். இது தொற்றுநோய் அல்ல. நோயாளியின் பக்கத்தில் உட்காரலாம். சேர்ந்து சாப்பிடலாம். யாருக்கும் ஒட்டாது.

அடையாளங்கள் என்ன?

மூன்று வாரத்துக்கு மேல் விடாத இருமல்.

சளியில் ரத்தம்.

காரணம் இல்லாமல் உடல் இளைத்தல்.

மூச்சு வாங்குதல், மார்பு வலி, குரல் கம்முதல்.

இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் போக வேண்டும். காசநோய்க்கும் கிட்டத்தட்ட இதே அடையாளங்கள்தான். எக்ஸ்ரே படத்திலும் சில சமயம் இரண்டும் ஒன்று போலத் தெரியும். எனவே சளியைப் பரிசோதிக்க வேண்டும். காசநோய் மருந்து சாப்பிட்டும் குணம் தெரியாவிட்டால், சும்மா இருக்கக் கூடாது. "வேறு நோயாக இருக்குமா?" என்று டாக்டரைக் கேளுங்கள். ஸ்கேன் எடுத்து, கட்டியிலிருந்து சிறு துணுக்கை எடுத்துச் சோதித்தால் உண்மை தெரிந்துவிடும்.

சிகிச்சை உண்டு

தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் ஆபரேஷன் செய்து குணப்படுத்த வாய்ப்பு அதிகம். கதிர்வீச்சுச் சிகிச்சையும், மருந்துச் சிகிச்சையும் உண்டு. கட்டியின் தன்மையைச் சோதித்து, அதற்கு ஏற்ற மாத்திரை கொடுக்கும் முறையும் இப்போது வந்திருக்கிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே நோயுடன் போராட வைக்கும் மருந்துகளும் உண்டு. இதற்கு வழி காட்டிய இரண்டு விஞ்ஞானிகளுக்கு 2018-ம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

நெடுங்காலம் புகைத்த, வயதானவர்கள், நோய் தெரியும் முன்பே குறைந்த கதிர் ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம்.

விட்டால் என்ன லாபம்?

டாலும் ஹில்லும் 1951-ம் ஆண்டில் இங்கிலாந்து டாக்டர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். "நீங்கள் புகைப்பது உண்டா?" என்று கேட்டார்கள். 40 ஆயிரம் பேருக்கு மேல் பதில் எழுதினார்கள். அவர்களில் ஆண் டாக்டர்களின் வாழ்க்கை 50 ஆண்டுகள் கவனிக்கப்பட்டது. 2004-ம் ஆண்டு முடிவு வெளிவந்தது.

புகைத்துக்கொண்டே இருந்தவர்கள், சராசரியாக 10 ஆண்டுகள் முன்னதாக இறந்தார்கள். 60 வயதில் விட்டவர்களுக்குச் சுமார் 3 ஆண்டுகள் திரும்பக் கிடைத்தன. 50 வயதில் விட்டவர்களுக்கு 6 ஆண்டுகள். 40 வயதில் விட்டவர்களுக்கு 9 ஆண்டுகள். 30 வயதில் விட்டவர்களுக்கு ஏறக்குறைய பத்து ஆண்டுகளுமே மிச்சம்!

"இத்தனை வருஷம் குடித்தாகிவிட்டது. இனி விட்டு என்ன பயன்?" என்று சொல்பவர்களுக்கு இதுதான் பதில்.

விடுவது எளிது அல்ல. முதல் சில நாட்கள் எரிச்சல் வரும். கோபம் வரும். அப்போது வீட்டில் உள்ளவர்கள் ஏச வேண்டாம், பொறுத்துக் கொள்ளுங்கள். டாக்டரிடம் போனால், ஆசையைக் குறைக்க மருந்து தருவார். சிகரெட் பெட்டியின் மேலேயே உதவிக்கு ஒரு டெலிபோன் எண் அச்சிட்டிருக்கிறார்கள். அது 1800-11-2356. அதில் பேசக் கட்டணம் இல்லை.

படிக்கத் தெரிந்த பிள்ளைகளே! இன்று அப்பாவிடமும் தாத்தாவிடமும் இதைப் படித்துக் காட்டுங்கள்.