பட்டத்துக்கு ‘ஓகே’யா?

பி.காம். பட்டம் வாங்கிய அன்று, வாடகைக் கறுப்பு அங்கிக்குள் நான் வெந்து போனது இருக்கட்டும். நைஜீரியா கதையைக் கேளுங்கள்.

1948-ல் இபாடானில் லண்டன் பல்கலைக்கழகத்தின் கிளையாக ஒரு கல்லூரி வந்தது. கொடுத்ததும் லண்டன் பட்டம்தான். அங்கியோ, பழைய ஐரோப்பியப் பாதிரிமார் உடுப்பின் பேரப்பிள்ளை. வெயிலூருக்குக் குளிரூர் உடுப்பு!

அதே வட்டாரத்தில் இசெயின் என்று ஓர் ஊர். யொருபா நெசவாளர்கள் சுமார் நாலு அங்குல அகலத்தில் பட்டை பட்டையாக நெய்கிறார்கள். அதை ஒட்டித் தைத்தால் ‘அசோ ஓகே’. (நம்ம ஓகே இல்லீங்க. ‘அசோ’ துணி, ‘ஓகே’ மேடு!) சிவப்புக்கு ‘அலாரி’ என்று தனிப்பெயரே உண்டு.

கல்யாணமா, தலைவர் பட்டமா, அங்கே இதுதான் உடுப்பு. படித்த பட்டத்துக்கு மட்டும் ஆகாதா? சில பட்டதாரிகள் கறுப்பு அங்கி மேல் இந்தப் பட்டையைப் போட்டுக்கொள்கிறார்கள். அங்கியையே இதில் தைக்கலாமே! நெசவாளி மகன் மேடையேறும்போது, அப்பா நெய்ததும் கூடவே ஏறட்டுமே!