உஷார்! பார்க்கப் போய்ப் பறிகொடுக்காதீர்கள்

ஹார்ட் டிஸ்கில் எத்தனை பார்ட்டிஷன் இருக்கிறது என்று பார்க்கத்தானே கட்டளை அடிக்கிறோம், இதில் என்ன வந்துவிடப்போகிறது என்கிறீர்களா? ஒரு நிமிடம்! அந்தக் கறுப்புத் திரையில் காட்டுகிற கட்டளையும் அழிக்கிற கட்டளையும் ஒரே வீட்டில்தான் குடியிருக்கின்றன.

விண்டோஸில் 'டிஸ்க்பார்ட்' என்ற கருவியைத் திறந்து 'லிஸ்ட் டிஸ்க்' அடித்தால் டிஸ்குகள் வரிசையாக வரும். இதுவரை பயமில்லை. பார்ட்டிஷன்களைப் பார்க்க வேண்டுமானால் 'செலக்ட்' செய்தே ஆக வேண்டும். அங்கேதான் கண்டம்! அடுத்து நீங்கள் அடிப்பதெல்லாம் அந்த டிஸ்கின் தலையில்தான் விழும். பென்டிரைவைச் சுத்தம் செய்வதாக நினைத்து, டிஸ்க் எண் மாறிப்போன நிலையில் 'கிளீன்' அடித்தால், "நிச்சயமா?" என்றுகூடக் கேட்காமல் பார்ட்டிஷன் அட்டவணை காலியாகிவிடும்.

லினக்ஸ்காரர்களும் உஷார்! 'எல்எஸ்பிஎல்கே' கட்டளை வெறுமனே காட்டும், அதோடு நின்றுவிடும். 'எஃப்டிஸ்க்' அப்படியல்ல. அதோடு '-எல்' சேர்த்தால் பட்டியல்; அதை விட்டுவிட்டு டிஸ்க் பெயரை மட்டும் கொடுத்தால் திருத்தும் வேலைக்கே கதவு திறந்துவிடும். தெரியாமல் நுழைந்துவிட்டால் பதறாமல் 'க்யூ' அடித்து வெளியேறுங்கள். 'டபிள்யூ' அடிக்காதவரை எதுவும் டிஸ்கில் எழுதப்படாது. 'பார்ட்டட்' கருவியில் இந்தச் சலுகையும் கிடையாது. சொன்னதை அப்போதே செய்துவிடும்.

டிஸ்குகளுக்கு லினக்ஸ் வைக்கும் 'எஸ்டிஏ', 'எஸ்டிபி' என்ற பெயர்களையும் நம்பாதீர்கள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் அவை இடம் மாறலாம். டிஸ்கின் அளவையும் மாடலையும் பார்த்தே அடையாளம் காணுங்கள். 500 ஜிபி டிஸ்க் விண்டோஸில் ஏறக்குறைய 465 ஜிபி என்றுதான் தெரியும். அது கணக்கிடும் முறையில் வரும் வித்தியாசம். காணாமல்போன இடத்தை மீட்கிறேன் என்று எதையும் நோண்டாதீர்கள்.

கை தவறி அட்டவணை போய்விட்டதா? அந்த டிஸ்கில் ஒரு ஃபைல்கூடப் புதிதாக எழுதாதீர்கள். "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்டால் 'வேண்டாம்' என்றே சொல்லுங்கள். போனது பெரும்பாலும் பார்ட்டிஷன்கள் எங்கே என்று காட்டும் வரைபடம்தான். தகவல்கள் அங்கேயே கிடக்கலாம். 'டெஸ்ட்டிஸ்க்' போன்ற இலவச மென்பொருள் பல நேரங்களில் அட்டவணையை மீட்டுத் தந்துவிடும்.

ஆனாலும் அந்த அதிர்ஷ்டத்தை நம்பிக் கட்டளை அடிக்காதீர்கள். முதலில் பேக்கப் எடுங்கள். பிறகு அடித்த வரியை இரண்டு முறை படியுங்கள். அதற்குப் பிறகுதான் என்டர்!