21ஆம் எண் வீடு

கொச்சியில் மட்டாஞ்சேரி யூதத் தெருவின் கோடியில், பரதேசி யூதர் கோயிலை ஒட்டி ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. 18ஆம் நூற்றாண்டுக் கட்டடம். கோயிலைப் பார்த்த முகத்தில் எபிரேய எண்கள், அரண்மனையைப் பார்த்த முகத்தில் மலையாள எண்கள், இன்னொரு முகத்தில் ரோமன் எண்கள். மலையாளத்தோடு கொங்கணி, குஜராத்தி, கச்சி, தக்கினி உருது, தமிழ் எனப் பல வீட்டு மொழிகள் சில தெருக்களுக்குள் புழங்கும் ஊருக்கு இந்தக் கடிகாரம் பொருத்தம்தான்.

இந்த ஊர்ப் பிள்ளை பள்ளிக் கணினியின் முன் உட்கார்ந்து முதன்முதலில் தன் பெயரைத் தட்டுகிறது என்று வையுங்கள். எந்த எழுத்தில்? கணினிக் கல்வியின் முதல் பாடமே இந்தக் கேள்விதான் என்பேன்.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து வைத்திருக்கும் உலகப் பட்டியல் யூனிகோட், தமிழில் ஒருங்குறி. அதில் நம் எழுத்துமுறைகளுக்கு ஆளுக்கொரு தெரு, தெருவுக்கு 128 வீடு. தேவநாகரித் தெரு 2304இல் தொடங்குகிறது. குஜராத்தி 2688இல், தமிழ் 2944இல், மலையாளம் 3328இல். பூஜ்யத்திலிருந்து வீடுகளை எண்ணிக்கொண்டே போங்கள். எந்தத் தெருவானாலும் 21ஆம் வீட்டில் குடியிருப்பது 'க'. தமிழ்க் 'க'வின் எண் 2965. அதோடு 384ஐக் கூட்டினால் 3349, மலையாளக் 'க' வந்துவிடும். ஐந்தாம் வகுப்புக் கூட்டல் போதும்.

இந்த ஒழுங்கு தற்செயலாக வந்ததில்லை. 1980களில் இந்திய மொழிகளுக்கென்று வகுத்த 'இஸ்கி' என்ற குறியீட்டு முறையை ஒருங்குறி அடியொற்றியது. 1986இல் இந்திய மின்னணுத் துறை தரப்படுத்திய இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையிலும் அதே சிந்தனைதான். இடக்கைக்கு உயிர், வலக்கைக்கு மெய். ஆங்கில 'கே' விசையைத் தட்டினால் மலையாளத்திலும் 'க', தமிழிலும் 'க', குஜராத்தியிலும் 'க'. கொச்சிக் கொங்கணிக்காரர்கள் எழுதும் தேவநாகரியிலும் அதே விசைதான். உருது மட்டும் வலமிருந்து இடம் ஓடும் வேறு குடும்பம். என் விரல்கள் தமிழ்99 என்ற இன்னொரு விசைப்பலகைக்குப் பழகியவை, இனி மாற மாட்டேன். ஆனால் ஒரே பெஞ்சில் மூன்று தாய்மொழிப் பிள்ளைகள் உட்காரும் வகுப்புக்கு இன்ஸ்கிரிப்டைவிட நல்ல பாடப்பொருள் எனக்குத் தெரியவில்லை.

கேரளப் பள்ளிகளுக்குக் கணினிக் கல்வி வந்த கதை 2001இல் தொடங்குகிறது. விண்வெளி விஞ்ஞானி யு.ஆர். ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் வந்தது. கணினிக்கென்று தனி ஆசிரியரைத் தேடாமல், ஏற்கெனவே கணக்கும் அறிவியலும் மொழியும் நடத்திக்கொண்டிருந்தவர்களையே பழக்கினார்கள். சில ஆண்டுகளிலேயே பள்ளிக் கணினிகள் லினக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. உரிமக் கட்டணம் மிச்சமானதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, மூல நிரல் கையில் இருந்ததால் சொந்த மொழியைச் சரிசெய்துகொள்ள முடிந்ததுதான்.

மொழி கணினியில் எப்படிச் சிக்கும் என்பதற்கு 'அவன்' என்ற சொல்லைப் பாருங்கள், தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொது. தமிழில் அதன் கடைசி எழுத்து 'ன'வும் புள்ளியுமாக இரண்டு எண்கள். மலையாளத்தில் அந்த இடத்தில் வருவது 'சில்லு' என்னும் தனி வடிவம். முன்பு அதை 'ந', சந்திரக்கலை என்னும் மலையாளப் புள்ளி, கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக்குறி என மூன்று எண்களாகச் சேமித்தார்கள். 2008இல் ஒருங்குறி 5.1 பதிப்பு சில்லுக்குத் தனி எண் கொடுத்தது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் புது முறையில் தட்டித் தேடினால், இரண்டையும் ஒன்றாகப் பாவிக்கச் சொல்லித்தராத மென்பொருளுக்குப் பழைய கோப்பில் இருக்கும் 'அவன்' அகப்படமாட்டான். தேடல் ஏன் தோற்கிறது என்பதை ஒரு பிள்ளைக்கு விளங்கவைக்க இந்த ஒரு சொல் போதும்.

2017இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் 'கைட்' என்ற நிறுவனமானது. அடுத்த ஆண்டு தொடங்கிய உயர்தொழில்நுட்பப் பள்ளித் திட்டத்தில் 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினியும் புரொஜெக்டரும் போயின. நல்ல காரியம்தான். ஆனால் வகுப்பறையில் திரை ஆசிரியர் கையில், பிள்ளைகள் பார்வையாளர்கள். அதனால் பள்ளி மாணவர்களுக்கான 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்கள்மீது எனக்கு நம்பிக்கை அதிகம். அங்கே அனிமேஷன், வன்பொருள், மின்னணுவியலோடு மலையாளக் கணிமையும் ஒரு பாடம். தங்கள் பள்ளியின் வரலாற்றையும் ஊர்ச் சொற்களையும் 'ஸ்கூல்விக்கி' இணையதளத்தில் பிள்ளைகளே ஏற்றுகிறார்கள்.

தமிழ்நாடு 2011இல் மேல்நிலை மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. எத்தனையோ வீடுகளின் முதல் கணினி அது. கருவியை வீட்டுக்குக் கொண்டுபோன அந்தத் திட்டமும், பாடத்தை வகுப்புக்குக் கொண்டுவந்த கேரளத் திட்டமும் ஒரே பிள்ளைக்கு வாய்க்க வேண்டும்.

ஒருங்குறிப் பட்டியலின் தமிழ்த் தெருவில் இன்னொரு விஷயம். 'க' இருக்கும் 21க்கும் 'ங' இருக்கும் 25க்கும் நடுவே மூன்று வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. மலையாளத் தெருவில் அங்கே மூன்று ககரங்கள் குடியிருக்கின்றன. 'கண்', 'காந்தி' இரண்டுக்கும் தமிழ் ஒரே 'க'வை எழுதிவிட்டு, ஒலியை நாக்குக்கு விட்டுவிடுகிறது. மட்டாஞ்சேரி வகுப்பில் ஒரு மலையாளப் பிள்ளை, பக்கத்தில் இருக்கும் தமிழ்ப் பிள்ளையின் திரையில் இந்தப் பட்டியலைப் பார்த்தால், அந்த மூன்று வீடும் ஏன் காலி என்று முதலில் கேட்கும்.